கிணற்றடியில் ஒட்டுக்கேட்ட பையன்

முன்பக்கம் திண்ணை. அப்பாவைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் அங்கே உட்கார்ந்து உலக நடப்பு பேசுவார்கள். பேச்சில் நிதானம் இருக்கும், மரியாதை இருக்கும், நாலு பேர் கேட்கிறார்கள் என்ற கவனமும் இருக்கும். பின்பக்கம் கிணறு, பூச்செடிகள். அது அம்மாவின் இடம். பல சாதிப் பெண்களும் கொல்லைவழியாக அங்கே வந்து நிற்பார்கள். யார் வீட்டில் என்ன சண்டை, எவள் எவனோடு போனாள், எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று குரலைத் தாழ்த்திப் பேச்சு நடக்கும். குரல்தான் தாழ்ந்திருக்கும், பேச்சில் ஒளிவுமறைவு இருக்காது. சின்னப் பையன் ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஒளிந்திருப்பான்.

கன்னட நாவலாசிரியர், கவிஞர், ஆங்கிலப் பேராசிரியர் யு.ஆர். அனந்தமூர்த்தி, தன் கதைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டவர்களுக்கெல்லாம் இந்த இரண்டு இடங்களைத்தான் காட்டினார். திண்ணையில் சம்ஸ்கிருதமும் பிற்பாடு ஆங்கிலமும் உட்கார்ந்திருந்தன. கொல்லைப்புறத்தில் கன்னடம் இருந்தது. கன்னட இலக்கியத்தின் வரலாற்றையே அவர் இப்படித்தான் படித்தார். 12-ஆம் நூற்றாண்டில் பசவண்ணரும் அக்கமகாதேவியும் கன்னடத்தில் வசனக் கவிதைகள் பாடியபோது கொல்லைப்புறம் திண்ணைக்கு வந்துவிட்டது என்பார். எத்தனை முறை முன்னுக்கு வந்தாலும் கொல்லைப்புறத்தில் சரக்கு தீராது, அங்கே இன்னும் வாய்திறக்காத சாதிகளும் பெண்களும் காத்திருக்கிறார்கள் என்பது அவர் நம்பிக்கை.

அக்ரஹாரத்தை எதிர்த்து எழுதிய கலகக்காரர் என்றே நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். அது பாதி உண்மை. வீட்டைவிட்டு ஓடிப்போய்த் தெருவில் நின்று கல்லெறிந்தவர் அல்ல அவர். உள்ளேயே இருந்து, சாப்பாட்டுப் பந்தியிலேயே உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டவர். வெளியாளுக்கு வாய்க்காத கோபமும் வெளியாளுக்கு வாய்க்காத பிரியமும் ஒரே வரியில் அவருக்கு வந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

துர்வாசபுரம்

1932 டிசம்பர் 21. ஷிமோகா மாவட்டம், தீர்த்தஹள்ளி தாலுகா, மேளிகெ கிராமத்தில் ஒரு மாத்வ பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். ஷிமோகாவிலிருந்து தீர்த்தஹள்ளிக்கு சுமார் 60 கிலோமீட்டர். மழைக்காலத்தில் அந்த வழியில் பேருந்தில் போனால் பாதையின் இரண்டு பக்கமும் பாக்குத் தோப்புகள் ஈரம் சொட்டிக்கொண்டு நிற்கும், துங்கை ஆறு செம்மண் நிறத்தில் பாறைகளைச் சுற்றி ஓடும். கன்னடக் கவிஞர் குவெம்புவின் குப்பளியும் இதே தாலுகாதான். ஒரே தாலுகா இரண்டு ஞானபீடங்களைப் பெற்றிருக்கிறது.

பையனின் முதல் படிப்பு துர்வாசபுரத்துச் சம்ஸ்கிருதப் பாடசாலையில். பிறகு தீர்த்தஹள்ளி. பிறகு மைசூர். அந்த வட்டாரம் அப்போது சோஷலிஸ்டுகளின் கோட்டை. குத்தகை விவசாயிகளுக்காக 1951-ல் நடந்த காகோடு சத்தியாகிரகம் ஷிமோகா மாவட்டத்தில் நடந்ததுதான். சோஷலிஸ்ட் தலைவர் லோகியாவின் கருத்துகள், சாந்தவேரி கோபாலகௌடரின் நட்பு, கவிஞர் கோபாலகிருஷ்ண அடிகரின் நவீனக் கவிதை எல்லாம் சேர்ந்து அக்ரஹாரத்துப் பையனை வேறொரு ஆளாக்கின. 1955-ல் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்தது. அடுத்த ஆண்டு, தன் மாணவியாக இருந்த எஸ்தரை மணந்தார். பாடசாலையில் படித்த மாத்வருக்கும் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் 1956-ல் கல்யாணம் என்றால் இரண்டு வீடுகளிலும் என்ன நடந்திருக்கும் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அவருடைய 'சம்ஸ்காரா' நாவலின் விதை இன்னும் முன்னால் விழுந்திருக்கிறது. அவர் சிறுவனாக இருந்தபோது ஊர்ப்பக்கம் பிளேக் வந்தது. தடுப்பூசி வந்தது, ஆனால் தீண்டாமையால் அது சேரியை எட்டவில்லை. அங்கே ஜனங்கள் செத்தார்கள், குடிசைகள் பிணங்களோடு எரிந்தன. அந்தச் சேரியிலிருந்து தப்பித்தவள் ஓர் அழகான இளம்பெண். மேல்சாதிக்காரன் ஒருவனோடு உறவு வைத்து ஊரைவிட்டே போய்விட்டதால் பிழைத்தவள். கொல்லைப்புறப் பேச்சில் இப்படி ஒரு செய்தி எத்தனை நாள் அடிபட்டிருக்கும்! பையனின் மனதில் அது இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது.

காமன்வெல்த் உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள், அங்கே ஆசிரியராக இருந்த நாவலாசிரியர் மால்கம் பிராட்பரியோடு சேர்ந்து இங்மர் பெர்க்மனின் 'தி செவன்த் சீல்' பார்த்தார். ஸ்வீடிஷ் மொழிப் படம், திரையில் மொழிபெயர்ப்பு கிடையாது. வசனம் புரியவில்லை, கொள்ளைநோய் மட்டும் புரிந்தது. படம் முடிந்ததும் அவர் பிராட்பரியிடம் சொன்னதை வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்திருக்கிறார். ஓர் ஐரோப்பியன் இடைக்காலத்தைப் புத்தகம் படித்துத்தான் உருவாக்க வேண்டியிருக்கிறது, எங்கள் ஊரிலோ எல்லா நூற்றாண்டுகளும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன என்பது அதன் சாரம். அப்படியானால் அதை எழுதேன் என்றார் பிராட்பரி. 'சம்ஸ்காரா' பிறந்தது. கன்னடம் காதில் விழாத ஊரில், குளிரில் உட்கார்ந்து எழுதிய கன்னட நாவல். 1965-ல் தார்வாடின் மனோகர கிரந்தமாலா அதை வெளியிட்டது. கதை நடக்கும் அக்ரஹாரத்துக்கு அவர் வைத்த பெயர் துர்வாசபுரம்.

பிணம் கிடக்கிறது

நாவலின் கதை நாலு வரியில் அடங்கும். நாரணப்பா செத்துப்போகிறான். அக்ரஹாரத்தில் பிறந்து, குடித்து, மாமிசம் தின்று, சந்திரி என்கிற கீழ்ச்சாதிப் பெண்ணோடு வாழ்ந்தவன். அவனை யாரும் சாதியைவிட்டுத் தள்ளவில்லை, தள்ள முடியவும் இல்லை. இப்போது யார் அவனுக்குக் கொள்ளி வைப்பது? தகனம் ஆகும்வரை அக்ரஹாரத்தில் யாரும் வாயில் சோறு வைக்கக் கூடாது. முடிவு சொல்ல வேண்டியவர் பிராணேசாசாரியார். காசிவரை போய்ப் படித்தவர், நோயாளி மனைவியைக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்கிறவர், அப்பழுக்கில்லாதவர். அவர் ஓலைச்சுவடிகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார். பிணம் அழுகுகிறது. எலிகள் வெளியே வந்து சுழன்று விழுந்து சாகின்றன. கூரைகளில் கழுகுகள் உட்காருகின்றன.

நான் இதைக் கல்லூரி விடுதியில் தமிழ் மொழிபெயர்ப்பில் முதலில் படித்தேன். அன்று மனதில் தங்கியது காட்டுக்குள் ஆசாரியாரும் சந்திரியும் சேர்கிற இடம்தான். அந்த வயது அப்படி. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பப் படித்தபோது வேறொரு இடத்தில் நின்றுவிட்டேன். இறுதிச் சடங்குக்குப் பணம் யார் கொடுப்பது என்று பேச்சு வரும்போது சந்திரி தன் கழுத்திலும் கையிலும் கிடந்த நகைகளைக் கழற்றி ஆசாரியாரின் முன்னால் வைக்கிறாள். அவ்வளவுதான். அதுவரை நாரணப்பாவைத் தொட்டால் தோஷம் என்று பின்வாங்கிய பிராமணர்களின் கண்கள் அந்தக் குவியலுக்குப் போகின்றன. அவர்களின் மனைவிமார்கள் மனதுக்குள்ளேயே எடை போடுகிறார்கள். பசியும் ஆசையும் சேர்ந்துகொண்டதும் சாஸ்திரம் மெல்ல இடம்மாறத் தொடங்குகிறது. ஒருவரையும் ஆசிரியர் திட்டுவதில்லை. நகை கீழே வைக்கப்படுகிற அந்த ஒரு காட்சி போதும், ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. இந்தக் கண் கிணற்றடியில் கிடைத்த கண். திண்ணையில் உட்கார்ந்தவருக்கு நகையைப் பார்க்கிற பெண்ணின் முகம் தெரியாது.

கடைசியில் அந்தப் பிணத்தை இரவோடு இரவாக எரிக்க உதவுகிறவன் ஒரு முஸ்லிம். சந்திரி காரியத்தை முடித்துவிட்டுப் போய்விடுகிறாள். அது தெரியாத ஆசாரியார், தான் சந்திரியைத் தொட்டதை ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்று தவித்தபடி ஊர் ஊராக நடக்கிறார். நாவல் அவரை எந்த முடிவிலும் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. அவர் போய்ச் சேரும் திருவிழா எந்த ஊரில் நடக்கிறது தெரியுமா? மேளிகெயில். ஆசிரியர் தன் நாயகனைத் தன் சொந்த ஊர்த் தேரோட்டக் கூட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார்.

இந்த நாவல் படமானதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைச் சேர்ந்தவர்கள்தான் அதற்குப் பின்னால் இருந்தார்கள். தெலுங்குக் கவிஞர் பட்டாபிராம ரெட்டி இயக்கினார். அப்போது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிரீஷ் கர்னாட் திரைக்கதை எழுதி, ஆசாரியாராக நடித்தார். பி. லங்கேஷ் நாரணப்பா. இயக்குநரின் மனைவி ஸ்நேகலதா ரெட்டி சந்திரி. கலை, சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த எஸ்.ஜி. வாசுதேவ். சென்னைத் தணிக்கைக் குழு படத்தை முதலில் தடைசெய்தது, மத்திய அரசு வரைக்கும் போய்த்தான் தடை நீங்கியது. 1970-க்கான சிறந்த படம் என்ற தேசிய விருது, கன்னடத்துக்கு முதன்முறையாக, இந்தப் படத்துக்குக் கிடைத்தது. ஸ்நேகலதா நெருக்கடி நிலையின்போது கைதாகிப் பெங்களூர் மத்தியச் சிறையில் ஆஸ்துமாவோடு மாதக்கணக்கில் கிடந்தார். பரோலில் விடப்பட்ட சில நாட்களில், 1977 ஜனவரியில் இறந்தார். அந்தப் படத்தில் சந்திரியின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தொடு

'சம்ஸ்காரா' அவருக்குப் புகழைத் தந்தது. ஆனால் அவருடைய மிகத் துணிச்சலான பக்கங்கள் 1973-ல் வந்த 'பாரதிபுர'வில் இருக்கின்றன என்று நான் அடித்துச் சொல்வேன். ஜகன்னாதன் இங்கிலாந்தில் படித்துவிட்டு ஊர் திரும்பிய பணக்காரப் பிராமணன். தலித்துகளை மஞ்சுநாதர் கோயிலுக்குள் கூட்டிப்போவது என்று முடிவெடுக்கிறான். அதற்கு ஒத்திகைபோல, வீட்டுப் பூஜையறையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் சாளக்கிராமத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வருகிறான். அங்கே நிற்கிற தலித்துகளிடம் நீட்டி, தொடுங்கள் என்கிறான். உள்ளேயிருந்து அவனை வளர்த்த சித்தி பார்த்துத் துடிக்கிறாள்.

அவர்கள் தொடவில்லை. பின்வாங்குகிறார்கள். கெஞ்சுகிறான். விளக்குகிறான், இது வெறும் கல்தான் என்கிறான். ஆனால் அவன் கையில் அந்தக் கல் கனக்கிறது. இத்தனை பேர் பயப்படுவதாலேயே அது கல்லாக இருக்க மறுக்கிறது. கடைசியில் அவனுக்குக் கோபம் தலைக்கேறி, மிரட்டி, கத்தி, தொடு என்று கட்டளையிடுகிறான். அவர்கள் பயந்துபோய்த் தொட்டுவிட்டு ஓடுகிறார்கள். விடுதலை தர வந்தவன், அந்த நொடியில், அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பார்த்த அதே எஜமானாக நிற்கிறான். கல்லைத் தூக்கி இருட்டில் எறிகிறான்.

சீர்திருத்தத்துக்கு எதிரான காட்சி இது என்று சிலர் படித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்தவனின் விடுதலையை நான் வாங்கித் தருகிறேன் என்று கிளம்புகிற நல்ல மனிதனுக்குள் எவ்வளவு அகங்காரம் ஒளிந்திருக்கிறது என்பதைத் தன்னையே பலிகொடுத்துக் காட்டியிருக்கிறார் அனந்தமூர்த்தி. ஜகன்னாதனின் படிப்பும் லட்சியமும் அவருடையவைதான். இங்கிலாந்தும் அவருடையதுதான்.

'கடஸ்ராத்தா' சிறுகதையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கர்ப்பமான இளம் விதவை யமுனாவுக்கு, உயிரோடு இருக்கும்போதே ஈமச்சடங்கு செய்து ஊரைவிட்டுத் தள்ளுகிறார்கள். பாடசாலைப் பையன் ஒருவனின் கண்வழியாக அது நடக்கிறது. 1977-ல் கிரீஷ் காசரவள்ளி அதைத் தன் முதல் படமாக எடுத்து, அதற்கும் தேசிய விருதின் தங்கத் தாமரை கிடைத்தது. ஒளிந்திருந்து கேட்ட அந்தப் பையன்தான் இங்கே மறுபடி வருகிறான், இந்த முறை ஒளிய இடமில்லாமல்.

எனக்கு மிகப் பிரியமான கதை வேறு: 'சூர்யன குதுரெ', அதாவது சூரியனின் குதிரை. மலைநாட்டில் ஒருவகைப் பச்சை வெட்டுக்கிளிக்கு அந்தப் பெயர். நகரத்துக்குப் போய்ப் பெரிய மனிதனாகிவிட்ட எழுத்தாளன் ஊருக்கு வருகிறான். பால்ய நண்பன் வெங்கடன் பிடித்துக்கொள்கிறான். வெங்கடன் எதற்கும் உதவாதவன். கடன் தலைக்குமேல். மனைவி ஏசுகிறாள், மகன் வெறுக்கிறான். ஆனால் அவனுக்கு ஒன்று தெரியும்: எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது. வெந்நீர் கொதிக்கிற குளியலறைப் புகையில், நண்பனை உட்காரவைத்து உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தட்டித் தட்டி, பிதற்றலும் பாட்டுமாக அவன் தேய்க்கத் தொடங்குகிறான். நம் ஊர்ச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தெரிந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் உடம்பிலேயே உறைக்கும். உலகத்தை மாற்றவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவனின் தோள்கள் இறங்குகின்றன, கண் செருகுகிறது, வாதம் எல்லாம் வெந்நீரோடு போகிறது. இந்த மனிதனை நான் என்னவென்று ஒதுக்குவது என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. வீட்டில் எல்லாம் சீர்குலைந்த பிறகும், ஒரு சூரியனின் குதிரையைப் பார்த்து வெங்கடன் குழந்தைபோல வியந்து நிற்கிறான். சோஷலிஸ்ட் அனந்தமூர்த்திக்கு வெங்கடனை மன்னிக்க முடியாது. கவிஞர் அனந்தமூர்த்திக்கு அவனைக் கும்பிடத் தோன்றுகிறது. கதை இருவரையும் பேசவிடுகிறது.

மச்சில் ஆங்கிலம், தெருவில் கன்னடம்

மைசூர் பல்கலைக்கழகத்தில் அவர் ஆங்கிலம் நடத்தினார். வகுப்பில் கவிஞர்கள் யேட்ஸும் பிளேக்கும், வீட்டுக்கு வந்தால் எழுதுவது கன்னடம். யேட்ஸ், ரில்கே கவிதைகளையும் லாவோ சூவின் 'தாவோ தே ஜிங்'கையும் கன்னடத்துக்குக் கொண்டுவந்தார். 1981-ல் 'ருஜுவாது' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். அவருடைய சொந்தக் கவிதைகள் எண்ணிக்கையில் குறைவு. கதைகளின் நிழலில் அவை நிற்கின்றன என்றாலும் அவருடைய உரைநடைக்கு உள்ளோட்டம் தந்தது அந்தக் கவிஞர்தான்.

நம் நாட்டில் ஒருவருக்கு மூன்று மொழிகள் உண்டு என்பார்: வீட்டு மொழி, தெரு மொழி, மச்சு மொழி. மச்சில் ஏறி உட்கார்ந்திருப்பது ஒரு காலத்தில் சம்ஸ்கிருதம், இன்று ஆங்கிலம். கன்னடத்தின் பெரிய எழுத்தாளர்கள் பலருக்கு வீட்டு மொழி கன்னடமே இல்லை என்பதை அவர் பெருமையோடு எடுத்துச் சொல்வார். மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டில் தமிழ். பேந்த்ரேயின் வீட்டில் மராத்தி. தெருவில் கிடைத்த கன்னடத்தில்தான் அவர்கள் எழுதினார்கள். 'சம்ஸ்காரா'வை 1976-ல் ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜனும் அப்படித்தான்: மைசூர் வீட்டில் அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம், மாடியில் அப்பாவோடு ஆங்கிலம். இந்தியாவில் அதிகம் படித்தவனுக்கு மொழிகள் குறைவு, படிக்காத கூலிக்காரனுக்கு நாலைந்து தெரியும் என்பதும் அவர் மேடைதோறும் சொன்னது. சென்ட்ரல் ஸ்டேஷனில் பெட்டி தூக்குகிறவரிடம் பேசிப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

பதவிகள் வந்தன. 1987 முதல் 1991 வரை கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத் துணைவேந்தர், பிறகு நேஷனல் புக் டிரஸ்ட் தலைவர், 1993-ல் சாகித்ய அகாதெமி தலைவர். 1994-ல் ஞானபீடம், கன்னடத்துக்கு ஆறாவது. 1998-ல் பத்மபூஷண். 2013-ல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசின் இறுதிப் பட்டியல்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அரசியல்வாதி கிருஷ்ணப்பாவின் வீழ்ச்சியைச் சொல்லும் 'அவஸ்தெ' 1978-ல் வந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதிய நாவல்கள் அந்த உயரத்தை எட்டவில்லை. மேடையும் பேட்டியும் விவாதமும் அவருடைய பொழுதைத் தின்றன. நாவலாசிரியர் எஸ்.எல். பைரப்பாவின் 'ஆவரண' நாவல் வந்த 2007-ல் இருவருக்கும் நடந்த மோதல் கன்னட நாட்டையே இரண்டாக்கியது. அந்தச் சக்தியில் பாதியாவது இன்னொரு வெங்கடனுக்குப் போயிருக்கலாமே என்று ஒரு வாசகனாக எனக்கு ஆதங்கம் உண்டு. ஆனால் அழைத்த இடத்துக்குப் போய்ப் பேசாமல் இருக்க அவரால் முடியாது. லோகியாவின் பிள்ளை அவர்.

2013-ல் நரேந்திர மோடி ஆளும் நாட்டில் வாழ விரும்பவில்லை என்று சொல்லிவிட்டார். உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னது என்று பின்னர் விளக்கினார். மிரட்டல்கள் வந்தன, வீட்டுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. அப்போது அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸில் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த உடம்போடு கடைசியாக ஒரு சிறு நூலை எழுதினார். இந்துத்துவமா, காந்தியின் 'ஹிந்த் ஸ்வராஜா' என்று கேட்கும் நூல். அச்சில் வந்தபோது அவர் இல்லை. 2014 ஆகஸ்ட் 22 அன்று பெங்களூரில் காலமானார். சில இடங்களில் பட்டாசு வெடித்தார்கள். பெங்களூரில் அவர் உடலுக்கு முன்னால் வரிசை நீண்டது, அரசு மரியாதையோடு தகனம் நடந்தது.

கர்நாடகம் உருவானதன் பொன்விழா நெருங்கியபோது அவர் மாநில அரசுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்: பேங்களூர் என்று ஆங்கிலேயன் வாயில் சுருங்கிய பெயரை, கிழங்கு விற்கிறவளும் ஆட்டோ ஓட்டுகிறவரும் சொல்கிறபடி பெங்களூரு என்று எழுதுங்கள். கன்னடம் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் அங்கே வந்து குடியேறுகிறவர்களும் கடைசி 'உ'வோடு ஒரு கன்னடச் சொல்லையாவது சொல்லட்டும் என்பது அவர் எண்ணம். கோப்பு பல ஆண்டுகள் தூங்கியது. அவர் இறந்து பத்து வாரங்கள் கழித்து, 2014 நவம்பர் 1 அன்று, பெயர் மாறியது. இப்போது சென்னையிலிருந்து போகிற விமானத்தில், இறங்கப்போகும் ஊரை அறிவிக்கிற பணிப்பெண் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், அந்த 'உ'வைச் சொல்லித்தான் முடிக்கிறார்.